அசையாமல் கிடப்பவர் அறியாமல் கிடக்கிறாரா?

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போனால் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் கேட்போம். "கையில ஊசி போட்டாங்க. மூக்குல மாஸ்க்கை வெச்சாங்க. டாக்டர் ஏதோ கேட்டார். அவ்வளவுதான் தெரியும். கண்ணு முழிச்சா இங்க கெடக்கறேன்." நடுவில் போன மூன்று மணி நேரம் அவர் கணக்கிலேயே இல்லை. தூங்கி எழுந்தவருக்குக்கூட நேரம் போனது ஏறத்தாழத் தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது.

இவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்பது சரி. ஆனால் கத்தி பட்ட அந்தக் கணத்தில் இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை யார் பார்த்தார்கள்? வாயில் குழாய் இருந்தது, அதனால் பேச முடியாது. தசைகளைத் தளர்த்த மருந்து கொடுத்திருந்தார்கள், அதனால் கை அசையாது. முடிந்த பிறகு கேட்டால் ஞாபகமில்லை என்கிறார். இத்தனை வழியும் அடைபட்டிருக்கும்போது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மயக்கவியல் மருத்துவர் எதை வைத்து "இவருக்கு உணர்வில்லை" என்று முடிவு செய்தார்?

மயக்கவியல் தோன்றி ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கேள்வி அதன் முதல் நாளிலிருந்தே கூட வருகிறது.

ஒரு பெயரில் நான்கு வேலைகள்

முதலில் ஓர் எல்லையைக் குறித்துக்கொள்வோம். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடுவதும், பல் பிடுங்க ஈறில் ஊசி போடுவதும் வேறு. அவற்றில் ஆள் விழித்தே இருப்பார், உடலின் ஒரு பகுதி மட்டும் மரத்துப்போகும். இங்கே பேசப்போவது ஆளையே உணர்விழக்கச் செய்யும் பொது மயக்கத்தைப் பற்றி.

மயக்க மருந்து என்று ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பல மருந்துகளின் கூட்டு. உணர்வை அகற்றப் பால் நிறத்தில் இருக்கும் புரோபோஃபால் ஊசி, அதைத் தொடர்ந்து சுவாசத்தின் வழியே செவோஃப்ளூரேன் அல்லது ஐசோஃப்ளூரேன். வலியைத் தடுக்க ஃபென்டனில். நடப்பது ஞாபகத்தில் பதியாமலிருக்க மிடசோலம். தசைகள் இறுகாமலிருக்க வெகுரோனியம் அல்லது அட்ராகூரியம். உணர்வின்மை, வலியின்மை, ஞாபகமின்மை, அசைவின்மை ஆகிய நான்கும் சேர்ந்ததைத்தான் பொது மயக்கம் என்கிறோம்.

இது தூக்கமும் இல்லை. தூங்குபவரை எறும்பு கடித்தால் விழித்துவிடுவார். பொது மயக்கத்தில் வயிற்றைத் திறந்தாலும் விழிப்பதில்லை. எமரி பிரவுன், ரால்ஃப் லிடிக், நிக்கோலஸ் ஷிஃப் ஆகிய மூவரும் 2010-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத் தெளிவாக்கியது. மூளையின் மின்னலைகளை வைத்துப் பார்த்தால் பொது மயக்கம் தூக்கத்தைவிடக் கோமாவுக்கே நெருக்கமானது. மருந்தை நிறுத்தினால் திரும்பி வந்துவிடலாம் என்பதே வேறுபாடு.

நான்கும் தனித்தனி வேலைகள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒன்று நடந்திருக்கிறது என்பதற்காக மற்றது நடந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

முதல் நாளிலேயே வந்த சந்தேகம்

1845 ஜனவரியில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் பாஸ்டனில் மாணவர்கள் முன்னிலையில் சிரிப்பூட்டும் வாயுவைக் கொடுத்து ஒருவருக்குப் பல் பிடுங்கிக் காட்டினார். நோயாளி கத்திவிட்டார். கூட்டம் கேலி செய்தது. வெல்ஸ் தலைகுனிந்து வெளியேறினார். ஆனால் அதே நோயாளி பிறகு, வழக்கமாக இருக்கும் அளவுக்கு வலிக்கவில்லை என்றே சொன்னார். கத்தியதை நம்புவதா, பிறகு சொன்னதை நம்புவதா?

மறு ஆண்டு, 1846 அக்டோபர் 16 அன்று, அதே நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொடுத்தார். ஜான் காலின்ஸ் வாரன் என்ற அறுவை மருத்துவர் கில்பர்ட் அபட் என்ற இளைஞரின் கழுத்துக் கட்டியை அறுத்தார். நவீன மயக்கவியலின் பிறந்தநாளாக உலகம் கொண்டாடுவது இந்த நாளைத்தான். கண் விழித்த அபட், வலிக்கவில்லை, ஆனால் மழுங்கிய கருவியால் கழுத்தைச் சுரண்டியதுபோல் இருந்தது என்றார். அதாவது வலி போயிருந்தது, உணர்வு முழுதாகப் போகவில்லை. கொண்டாடப்படும் அந்த முதல் வெற்றியிலேயே இந்த இரண்டுங்கெட்டான் நிலை பதிவாகியிருக்கிறது.

ஈதர் காலத்தில் மருத்துவர்கள் மயக்கத்தின் ஆழத்தை உடலைப் பார்த்தே கணித்தார்கள். மூச்சு சீராக இருக்கிறதா, கண்மணி எவ்வளவு விரிந்திருக்கிறது, விழி உருள்கிறதா, நிலைகுத்தி நிற்கிறதா? முதல் உலகப் போரில் பிரான்ஸில் பணியாற்றிய அமெரிக்கர் ஆர்தர் கெடல், அனுபவம் குறைந்தவர்களுக்கும் விளங்கும்படி இந்த அடையாளங்களை நான்கு நிலைகளாக வகுத்து அட்டவணையாகத் தந்தார். நோயாளி அசைந்தால் மருந்து போதவில்லை, மூச்சு மங்கினால் மருந்து மிகுந்துவிட்டது. கரடுமுரடான அளவுகோல்தான் என்றாலும் உடலே சாட்சி சொன்னது.

பிறகு அந்தச் சாட்சியின் வாயை அடைக்கும் மருந்து வந்தது.

அம்பு விஷம்

தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் அம்பு நுனியில் தடவிய விஷம் க்யூராரே. அம்பு பட்ட விலங்கு தசை செயலிழந்து, மூச்சு விட முடியாமல் சாகும். இது எங்கே வேலை செய்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளோட் பெர்னார் ஒரு தவளையை வைத்துக் கண்டுபிடித்தார். தவளையின் ஒரு பின்னங்காலுக்குப் போகும் ரத்தக் குழாயை மட்டும் கட்டினார், நரம்பைத் தொடவில்லை. பிறகு விஷத்தைச் செலுத்தினார். ரத்தம் போகாததால் அந்தக் காலுக்கு மட்டும் விஷம் போகவில்லை. மற்ற உடல் முழுவதும் துவண்டுவிட்டது. இப்போது துவண்ட பகுதியின் தோலைக் கிள்ளினார். கட்டியிருந்த கால் மட்டும் உதறியது!

தவளைக்குக் கிள்ளல் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைக் காட்ட அதற்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு கால்தான். க்யூராரே புலனுணர்வைத் தொடுவதில்லை, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை மட்டுமே துண்டிக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. இந்தத் தவளைக் காலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் ஒரு குடல்வால் அறுவை சிகிச்சையில் க்யூராரேயைப் பயன்படுத்தினார்கள். அது பெரிய வரம். அதுவரை வயிற்றுத் தசை தளர வேண்டுமென்றால் ஈதரை அள்ளிக் கொடுக்க வேண்டும், இதயமும் மூச்சும் ஆபத்தில் சிக்கும். இனிமேல் குறைந்த மயக்கத்திலேயே தசையைத் தளர்த்தலாம். ஆனால் நோயாளி அசைவதும் நின்றது, தானாக மூச்சு விடுவதும் நின்றது. கெடலின் அட்டவணையில் இருந்த முக்கிய அடையாளங்கள் கைவிட்டுப்போயின.

க்யூராரேயே ஓரளவு மயக்கமும் தரும் என்று சிலர் நம்பிய காலம் அது. அதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் 1946-ல் தானே படுத்துக்கொண்டார். வேறு எந்த மயக்க மருந்தும் இல்லை. மூச்சை நிறுத்தத் தேவையானதுபோல் இரண்டரை மடங்கு க்யூராரே உடலில் ஏறியது. சக மருத்துவர்கள் அவருக்குச் செயற்கையாக மூச்சு கொடுத்தார்கள். புருவத்தை அசைக்க முடிந்தவரை கேள்விகளுக்கு அதாலேயே பதில் சொன்னார். பிறகு அதுவும் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஆழ்ந்த மயக்கத்தில் கிடக்கும் உடல். மருந்து இறங்கியதும், தன்னைச் சுற்றி நடந்ததையும் பேசியதையும் ஸ்மித் வரிசையாகச் சொன்னார். வலி தெரிந்தது, ஞாபகம் பதிந்தது, அறிவு ஒரு கணமும் மங்கவில்லை. 1947-ல் இந்த ஆய்வு வெளியானதும் விவாதம் முடிந்தது.

அசைவு மூளையின் சாட்சியா?

தசைத் தளர்த்தி கொடுக்காத நோயாளியிடமாவது அசைவை நம்பலாமா? 1960-களில் எட்மண்ட் ஈகரும் அவருடைய சகாக்களும் மயக்க வாயுக்களின் வலிமையை ஒப்பிட ஓர் அளவை உருவாக்கினார்கள். மயக்கவியலார் அதை 'மேக்' என்கிறார்கள். தோலைக் கீறும்போது நூறு பேரில் ஐம்பது பேர் அசையாமலிருக்க, வெளிவரும் மூச்சில் எவ்வளவு வாயு இருக்க வேண்டுமோ அதுவே ஒரு மேக். நடுத்தர வயதினருக்குச் செவோஃப்ளூரேனில் இது ஏறத்தாழ 2 சதவீதம். வயது ஏற ஏற இந்தத் தேவை குறையும். கண்ணைத் திறக்கச் சொன்னால் திறக்காத நிலைக்கு இதில் மூன்றில் ஒரு பங்கே போதும்.

இன்றும் உலகம் முழுவதும் இந்த அளவைக் கொண்டே மருந்து கொடுக்கிறார்கள். ஆனால் அது அளப்பது எதை என்பதில் 1993-ல் ஒரு வியப்பு காத்திருந்தது. ஐரா ராம்பில் என்ற ஆய்வாளர் எலிகளின் முன்மூளையையே அகற்றிவிட்டு மேக் அளவைப் பார்த்தார். அது மாறவே இல்லை. அதே ஆண்டு ஜோசஃப் ஆன்டோக்னினியும் கெவின் ஷ்வார்ட்ஸும் ஆடுகளின் தலைக்கு மட்டும் ஐசோஃப்ளூரேன் போகும்படி ரத்த ஓட்டத்தைப் பிரித்தார்கள். உடல் முழுவதும் வாயு போனபோது 1.2 சதவீதத்தில் அசைவு நின்றது. மூளைக்கு மட்டும் போனபோது 2.9 சதவீதம் தேவைப்பட்டது.

கத்தி படும்போது உடல் துள்ளுவதையும் துள்ளாமலிருப்பதையும் பெருமளவு முடிவு செய்வது தண்டுவடம் என்று இதிலிருந்து தெரிந்தது. அசைந்தவர் விழித்திருக்கிறார் என்று சொல்ல முடியாது. அசையாதவர் அறியாமல் இருக்கிறார் என்றும் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பிறகு கேட்டால்?

உடல் சொல்லாவிட்டால் என்ன, விழித்த பிறகு நோயாளியையே கேட்கலாமே? 1970-ல் பிரைஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் இதற்கென எளிய கேள்விகளை வகுத்தார்கள். தூங்குவதற்கு முன் கடைசியாக ஞாபகமிருப்பது என்ன? விழித்ததும் முதலில் ஞாபகமிருப்பது என்ன? இடையில் ஏதாவது ஞாபகமிருக்கிறதா? கனவு வந்ததா? எல்லாவற்றிலும் சங்கடமாக இருந்தது எது? "அறுக்கும்போது முழிச்சிட்டீங்களா?" என்று நேரடியாகக் கேட்டு எதையும் திணிக்காததுதான் இதன் நுட்பம். ஆய்வுகளில் இன்றும் இந்தக் கேள்விகள்தான்.

அறுவையின் நடுவே உணர்வு திரும்பி, அது ஞாபகத்திலும் தங்குவதை 'இடைவிழிப்பு' என்று இங்கே அழைப்போம். ஸ்வீடனில் 11,785 பேரை இப்படிக் கேட்டு 2000-ல் வெளியிட்ட ஆய்வில் 18 பேருக்கு இடைவிழிப்பு இருந்தது. அவர்களைப் பல நாள் இடைவெளியில் மூன்று முறை கேட்டார்கள். முதல் முறை ஒன்றுமில்லை என்ற சிலர் பின்னால்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதே விகிதத்தைக் காட்டியது. ஆயிரத்துக்கு ஒருவர், இருவர்.

பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட ஐந்தாவது தேசியத் தணிக்கை வேறு வழியில் போனது. யாரையும் தேடிப் போய்க் கேட்கவில்லை. நோயாளிகள் தாமாக மருத்துவமனைகளில் சொன்னவற்றை மட்டும் ஓராண்டு திரட்டினார்கள். அங்கே கிடைத்த விகிதம் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர். தசைத் தளர்த்தி கொடுத்தவர்களில் 8,200-க்கு ஒருவர், கொடுக்காதவர்களில் 1,35,900-க்கு ஒருவர். பொது மயக்கத்தில் சிசேரியன் செய்தவர்களில் 670-க்கு ஒருவர்.

ஆயிரத்தில் ஒன்றா, பத்தொன்பதாயிரத்தில் ஒன்றா? கேட்டால் ஓர் எண் வருகிறது, கேட்காவிட்டால் வேறு எண் வருகிறது. கேட்காதவரை வாயைத் திறக்காதவர்கள் பலர். அந்தத் தணிக்கைக்கு வந்தவர்களில் சிலர் பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்ததை அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னார்கள்.

எந்த முறையில் கேட்டாலும் ஒரு குறை இருக்கிறது. கல்யாண வீடியோ எடுப்பவர் கேமராவில் கார்டு போட மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு போட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதற்காகத் தாலி கட்டவே இல்லை என்று சொல்வோமா? மிடசோலம் போன்ற மருந்துகள் கார்டை எடுத்துவிடுகின்றன. ஞாபகம் இல்லை என்பது அந்தக் கணத்தில் உணர்வும் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

கட்டிவிட்ட கை

தவளைக் கால் இங்கேதான் திரும்பி வருகிறது. 1977-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் மைக்கேல் டன்ஸ்டல், சிசேரியன் நடக்கும் தாய்மாரிடம் ஒரு முறையைக் கையாண்டார். தசைத் தளர்த்தியைச் செலுத்துவதற்கு முன், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை ஒரு கையில் கட்டி இறுக்கமாக ஊதிவிடுவார். அந்தக் கைக்கு மருந்து போகாது. மற்ற உடல் முழுவதும் செயலிழந்திருக்க, அந்தக் கை மட்டும் கட்டளைக்குப் பணியக்கூடிய நிலையில் இருக்கும். மருத்துவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே கேட்பார்: "என் குரல் கேட்டால் கையை அழுத்துங்கள்." அழுத்தினால் அடுத்த கேள்வி: "வலித்தால் இன்னொரு முறை அழுத்துங்கள்." ரத்த ஓட்டம் தடைபட்ட கை நெடுநேரம் தாங்காது, அதனால் இதற்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு.

பல நாடுகள் சேர்ந்து 260 பேரிடம் இதைச் செய்து 2017-ல் வெளியிட்டன. மூச்சுக்குழாயில் குழாயைச் செலுத்திய சிறிது நேரத்தில் 12 பேர் கையை அழுத்தினார்கள். அவர்களில் 5 பேர் வலிக்கிறது என்றும் காட்டினார்கள். அறுவைக்குப் பிறகு விசாரித்தபோது அவர்களில் எவருக்கும் அது ஞாபகமில்லை. இளம் வயதினரை மட்டும் எடுத்துக்கொண்டு 2023-ல் வெளியான ஆய்வில் இந்த விகிதம் 11 சதவீதம்.

ஞாபகத்தில் நிற்கும் இடைவிழிப்பு ஆயிரத்துக்கு ஒன்று. கேட்டால் கையை அழுத்துவது நூற்றுக்கு ஐந்து முதல் பதினொன்று. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளம்தான் இன்றைய மயக்கவியலின் பெரிய புதிர். சொல்வது புரிந்து கையை அழுத்துகிறவர் எந்த அளவு அனுபவிக்கிறார், அந்த அனுபவம் ஞாபகமில்லாமலே தீங்கு செய்யுமா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது. கேட்டபோது அழுத்துபவர்கள்கூடக் கேட்காதபோது தாமாகக் கையை அசைத்து உதவி கேட்பது அரிது. அதனால் அவர்களுடைய நிலை நம்முடைய விழிப்பைப் போன்றதாக இராது என்ற கருத்தும் உண்டு.

நெற்றியில் ஒட்டும் கருவி

மூளையையே நேரடியாக அளந்தால் என்ன? நெற்றியில் ஒட்டும் பட்டை மூளையின் மின்னலைகளைப் பிடிக்கும். கருவி அவற்றைக் கணக்கிட்டு 0 முதல் 100 வரை ஓர் எண்ணைத் தரும். 'பிஐஎஸ்' எனப்படும் இந்தக் கருவி 1990-களில் அறுவை அரங்குகளுக்கு வந்தது. முழு விழிப்பில் எண் 100-ஐ ஒட்டியிருக்கும். அறுவையின்போது 40-க்கும் 60-க்கும் இடையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பரிந்துரை.

இது உதவுகிறதா என்று பார்க்க மூன்று பெரிய சோதனைகள் நடந்தன. மூன்றிலும் இடைவிழிப்பு ஆபத்து மிகுந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். 2004-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையில் வெளியானதில் 2,463 பேர். கருவி இருந்த குழுவில் 2 பேருக்கு இடைவிழிப்பு, வழக்கமான முறையில் 11 பேருக்கு. கருவிக்கு வெற்றி என்று தோன்றியது. 2008-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,000 பேரிடம் நடந்த சோதனையில் எதிர்க்குழுவை மாற்றினார்கள். வெளிவரும் மூச்சில் வாயுவின் அளவு 0.7 மேக்குக்குக் கீழே இறங்கினால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியை அந்தக் குழுவுக்கு வைத்தார்கள். முடிவு 2-க்கு 2. 2011-ல் 6,000 பேரிடம் மீண்டும் செய்தபோது கருவிக் குழுவில் 7, மணிக் குழுவில் 2.

ஒரு கருவி நல்லதா என்று கேட்பதைவிட, எதோடு ஒப்பிட்டால் நல்லது என்று கேட்பதே சரியான கேள்வி. வழக்கமான முறையோடு ஒப்பிட்டபோது பிஐஎஸ் வென்றது. ஓர் எளிய மணியோடு ஒப்பிட்டபோது வெல்ல முடியவில்லை. ஆனால் வாயுவே இல்லாமல் ஊசி வழியே மட்டும் மயக்கம் தரும்போது மூச்சில் அளக்க எதுவும் இருக்காது, மணியும் பயன்படாது. அங்கே இந்தக் கருவிக்குப் பயன் உண்டு என்று சீனாவில் நடந்து 2011-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது.

அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஆஸ்திரேலியாவில் பத்துத் தன்னார்வலர்கள், ஸ்காட் ஸ்மித் செய்ததை ஏறத்தாழ மறுபடி செய்தார்கள். மயக்க மருந்து இல்லாமல் தசைத் தளர்த்தியை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். முழு அறிவோடு விழித்திருந்தவர்களின் நெற்றிக் கருவி 44 வரை இறங்கியது என்று 2015-ல் வெளியிட்டார்கள். கருவியின் கணக்குப்படி அது நல்ல அறுவை மயக்கம்! மூளையின் சிறு மின்னலையோடு நெற்றித் தசையின் மின்சாரத்தையும் அது சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தது. தசை அடங்கியதும் ஆளே அடங்கிவிட்டதாக எண்ணிவிட்டது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

புரோபோஃபாலும் மயக்க வாயுக்களும் மூளை நரம்புகளை அடக்கிவைக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலைக்கு வலுச் சேர்க்கின்றன. ஆனால் மூளை முழுவதும் அணைந்துவிடுவதில்லை. காதில் விழும் ஒலி மயக்கத்திலும் கேட்புப் புறணி வரை போகிறது. மூளையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசுவதுதான் அறுபடுகிறது.

இதைப் பார்க்க ஓர் அழகான வழி இருக்கிறது. தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளால் மூளையின் ஓரிடத்தை நொடியின் ஒரு சிறு பகுதிக்குத் தூண்டி, அந்தத் தூண்டல் எங்கெல்லாம் பரவுகிறது என்று மின்னலைகளில் பார்ப்பார்கள். விழித்திருப்பவரிடம் அது இடம்விட்டு இடம் தாவிச் சிக்கலான பாதையில் போகும். மிடசோலத்தால் உணர்விழந்தவரிடம் தூண்டிய இடத்திலேயே எழுந்து அங்கேயே அடங்கும். கெட்டமின் என்ற மயக்க மருந்தைப் பெற்றவர்களிடம் இன்னொரு விசித்திரம். கூப்பிட்டால் பதில் இல்லை, ஆனால் தூண்டல் விழித்திருப்பவரைப் போலவே பரவியது. தெளிந்த பிறகு கேட்டால் துலக்கமான கனவுகளைச் சொன்னார்கள். அவர்கள் உணர்வோடுதான் இருந்தார்கள், வெளியுலகத் தொடர்பு மட்டும் அறுந்திருந்தது. வெளித்தொடர்புள்ள உணர்வு, வெளித்தொடர்பற்ற உணர்வு என்று ஆய்வாளர்கள் இன்று பிரித்துப் பேசுவது இதனால்தான். இந்தக் காந்த முறை ஆய்வுக்கூடத்துக்கு ஏற்றது, அன்றாட அறுவை அரங்குக்கு இன்னும் வரவில்லை.

தலைமாட்டில் இருப்பவர்

ஆக, உணர்வை நேரே அளக்கும் கருவி இன்றுவரை இல்லை. அசைவு தண்டுவடத்தைச் சொல்கிறது, ஞாபகம் பதிவைச் சொல்கிறது, நெற்றிக் கருவி மின்னலையைச் சொல்கிறது. ஒவ்வொன்றும் ஒரு துண்டு. தலைமாட்டில் இருக்கும் மருத்துவர் இந்தத் துண்டுகளோடு நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கண்ணீர், வியர்வை, மூச்சில் வாயுவின் அளவு, எந்த மருந்து எப்போது போனது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்.

எங்கே தவறுகிறது என்பதும் தெரிந்திருக்கிறது. அந்தப் பிரிட்டிஷ் தணிக்கையில் பெரும்பாலான இடைவிழிப்புகள் அறுவையின் நடுவில் வரவில்லை. மயக்கம் தொடங்கும்போதும் தெளியவைக்கும்போதும்தான் வந்தன. தொடக்க ஊசியின் வேகம் இறங்கி வாயு இன்னும் ஏறாத இடைவெளி, தசைத் தளர்த்தி முழுதாக நீங்குவதற்குள் மயக்கம் தெளிந்துவிட்ட இடைவெளி, ஊசிகள் மாறிப்போன பிழை. குழந்தைக்கும் தாய்க்கும் ஆபத்தென்று அவசரமாகச் செய்யும் சிசேரியனிலும், ரத்தம் நிறைய இழந்து ரத்த அழுத்தம் தாழ்ந்து கிடப்பவரிடமும் மருந்தைத் தாராளமாகக் கொடுக்க முடியாது. பெரும்பாலான இடைவிழிப்புகள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தவை. அதிகம் பேரை உலுக்கியது வலிகூட இல்லை, அசைய முடியாமல் கிடந்ததுதான். என்ன நடக்கிறது என்று புரிந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டார்கள்.

ஆகவே அறுவைக்கு முந்தைய நாள் மயக்கவியல் மருத்துவர் வந்து விசாரிக்கும்போது, அதைச் சடங்காக எண்ணிச் சட்டென்று முடித்து அனுப்பிவிடாதீர்கள். முன்பு எப்போதாவது நடுவில் விழித்ததுண்டா, குடிப்பழக்கம் உண்டா, தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ தொடர்ந்து சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்பவை உங்களுக்கு வேண்டிய மருந்தின் அளவை மாற்றக்கூடியவை. கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். தெளியும்போது சில நிமிடம் கையைக் காலை அசைக்க முடியாமல் போகலாமா, அப்படியானால் அது எவ்வளவு நேரம் இருக்கும் என்று நீங்களும் கேளுங்கள். பிறகு ஏதாவது ஞாபகம் வந்தால், அது ஒரு வாரம் கழித்து வந்தாலும், மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் "கனவா இருக்கும், விடு" என்று தள்ளிவிடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இடைவிழிப்பைப் பற்றி மருத்துவம் அறிந்ததில் பெரும்பகுதி, நோயாளிகள் சொன்னதாலும் மருத்துவர்கள் நம்பிக் கேட்டதாலும் கிடைத்ததுதான்.